செல்லுலர் சிறையைக் காப்பாற்றியவர்கள் யார்?

போர்ட் பிளேர் விமான நிலையத்துக்கு 2002-இல் வாஜ்பாய் அரசு சாவர்க்கரின் பெயரைச் சூட்டியது. 2018 டிசம்பர் 30 அன்று பிரதமர் மோடி நேரில் வந்து ராஸ், நீல், ஹாவ்லாக் தீவுகளுக்குப் புதுப் பெயர் வைத்தார். 2023 ஜனவரியில் மேலும் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்கள் வந்தன. 2024 செப்டம்பர் 13 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா, தலைநகரின் பெயரையே ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றி அறிவித்தார். காலனிய முத்திரையைத் துடைப்பதாக ஒரு காரணம். இத்தீவுகள் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கின என்று ஒரு பெருமிதம். சோழர் பெருமையைச் சொல்லிவிட்டு, முதலாம் ராஜேந்திரன் கடல் கடந்து சென்று தாக்கிய ஸ்ரீவிஜயத்தை நினைவூட்டும் பெயரை வைத்த விசித்திரத்தைத் தமிழர்கள் சிரித்தபடி கடந்துபோனார்கள். சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயமல்ல இது. பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கொள்ளை நடந்துகொண்டிருக்கிறது. கொள்ளை போவது செல்லுலர் சிறையின் நினைவு.

அந்தச் சிறைக் கட்டடம் இன்று நிற்பதற்கு யார் காரணம் என்று அங்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட சிறை அது. நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு கிளைகள், ஏறத்தாழ 690 தனிமைக் கொட்டடிகள். இன்று மிஞ்சியிருப்பவை மூன்று கிளைகளே. பூகம்பமும் ஜப்பானிய ஆக்கிரமிப்பும் அழித்தது போக, மற்றதைச் சுதந்திர இந்தியாவின் அரசே இடித்தது. இடித்த இடத்தில் கோவிந்த வல்லப பந்த் பெயரில் மருத்துவமனை எழும்பியது. மருத்துவமனை தேவைதான், அதற்குத் தீவில் வேறு இடமே கிடைக்கவில்லை என்று நம்புவதுதான் கடினம். எஞ்சிய பகுதியும் போயிருக்கும். தடுத்து நிறுத்தியது எந்த அமைச்சரும் அல்ல. அந்தக் கொட்டடிகளில் கிடந்து மீண்ட முதியவர்கள், அந்தமான் முன்னாள் அரசியல் கைதிகளின் சகோதரத்துவ வட்டம் என்ற அமைப்பாகத் திரண்டு, ஆண்டுக்கணக்கில் தில்லியின் கதவைத் தட்டினார்கள். 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் அச்சிறையைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அந்த வட்டத்தில் கூடியவர்கள் ஒரே கட்சியினர் அல்லர் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியினர், மார்க்சிஸ்ட் கட்சியினர், புரட்சிகர சோசலிஸ்ட் கட்சியினர், காங்கிரஸ் பக்கம் நின்றவர்கள், எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். இவர்களுடைய கட்சிகள் வங்கத்தின் வீதிகளில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இவர்கள் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள்.

அது எப்படி இயன்றது என்பதற்குச் சிறைக்குள்ளேதான் விடை இருக்கிறது. 1932-க்குப் பின் மீண்டும் அரசியல் கைதிகளைக் கப்பலேற்றத் தொடங்கியது பிரிட்டிஷ் அரசு. வந்தவர்களில் பெரும்பான்மையோர் வங்கத்து இளைஞர்கள். அனுசீலன் சமிதியினர் ஒரு பக்கம், யுகாந்தர் குழுவினர் மறுபக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை ஒருவர் நம்பாமல், ஒருவர் ஆளை மற்றவர் இழுத்துக்கொண்டு வளர்ந்த இயக்கங்கள் அவை. 1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய கணேஷ் கோஷ், அனந்த சிங், அம்பிகா சக்ரவர்த்தி முதலானோர் வந்தார்கள். பகத்சிங்கின் தோழர்களான படுகேஸ்வர் தத், பிஜய் குமார் சின்கா, சிவ வர்மா, மகாவீர் சிங் வந்தார்கள். மகாவீர் சிங் அதற்கு முன் அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர்.

1933 மே 12 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது. கேட்டவை என்ன? தின்னத் தகுந்த உணவு, சோப்பு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம், பத்திரிகை. ஆறாம் நாளான மே 17 அன்று மகாவீர் சிங்கைப் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து, மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பாலை ஊற்றினார்கள். பால் நுரையீரலுக்குள் இறங்கியது. அன்றிரவே அவர் இறந்தார். அதே மாதத்தில் மோகன் கிஷோர் நமதாசும் மோகித் மைத்ராவும் அவ்வாறே கொல்லப்பட்டனர். உடல்கள் கடலில் வீசப்பட்டன. 46 நாள் போராட்டத்தின் முடிவில் விளக்கும் புத்தகமும் வந்தன.

கொட்டடிக்குள் வந்த அந்தப் புத்தகங்கள் அரசு எதிர்பாராத வேலையைச் செய்தன. நாராயண் ராய், நிரஞ்சன் சென்குப்தா போன்றவர்கள் வகுப்பெடுத்தார்கள். தனிமனிதரைச் சுட்டுக் கொல்வதால் ஏகாதிபத்தியம் வீழாது, உழைக்கும் மக்களைத் திரட்டாமல் விடுதலை இல்லை என்ற முடிவுக்கு, துப்பாக்கி ஏந்தி வந்த இளைஞர்கள் தங்களுக்குள் வாதாடியே வந்து சேர்ந்தார்கள். 1935-இல் சிறைக்குள் கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்பு உருவானது. அனுசீலன், யுகாந்தர், சிட்டகாங், பஞ்சாப் என்ற பழைய வேலிகள் அதில் சரிந்தன. கையெழுத்து இதழ் நடந்தது. மே தினம் கொண்டாடப்பட்டது. பதின்ம வயதில் தண்டனை பெற்று அங்கு வந்த ஹரேகிருஷ்ண கோனார் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். எல்லோரும் அதில் சேர்ந்துவிடவில்லை. அனுசீலனின் ஒரு பகுதி தனி வழியில் மார்க்சியத்தை ஏற்று, 1940-இல் புரட்சிகர சோசலிஸ்ட் கட்சியாக உருவெடுத்தது. சிலர் கடைசிவரை தேசியவாதிகளாகவே இருந்தார்கள். ஆனால் 1937 ஜூலையில் மீண்டும் உண்ணாவிரதம் தொடங்கியபோது சேர்ந்தவர், சேராதவர் என்ற பிரிவினை இல்லை. கல்கத்தா டவுன் ஹாலில் ரவீந்திரநாத் தாகூர் தலைமையில் கண்டனக் கூட்டம் நடந்தது. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில் 1938 தொடக்கத்துக்குள் கைதிகள் அனைவரும் தாயகச் சிறைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். கறுப்புத் தண்ணீர் என்ற தண்டனை அரசியல் கைதிகளைப் பொறுத்தவரை அத்துடன் முடிந்தது.

இந்த வரலாற்றின் மீதுதான் இன்று ஒற்றை ஆளின் சிலை எழுப்பப்படுகிறது. சாவர்க்கர் 1911 ஜூலையில் அச்சிறைக்கு வந்து 1921 மே மாதத்தில் தாயகச் சிறைக்கு மாற்றப்பட்டார். அந்தப் பத்தாண்டுக் கொடுமை பொய்யல்ல; செக்கிழுத்ததும் பொய்யல்ல. வந்த சில வாரங்களிலேயே கருணை மனு எழுதத் தொடங்கினார் என்பதும், 1913 மனுவில் அரசாங்கம் விரும்பும் எந்தப் பணியையும் செய்யத் தயார் என்று உறுதியளித்தார் என்பதும் அதே அளவு உண்மை. அம்மனுக்களை நூலில் பதிப்பித்தவர் இடதுசாரி அல்லர். சங் பரிவாரம் தன் ஆசானாகக் கொண்டாடும் ஆர்.சி. மஜும்தார்தான். மனு எழுதியது மட்டுமே குற்றம் என்றால் வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். வெளியே வந்தபின் என்ன செய்தார் என்பதே கேள்வி. அரசியலில் ஈடுபடுவதில்லை என்ற நிபந்தனையின் பேரில் 1924-இல் விடுதலை, 1929 முதல் அரசிடமிருந்து மாதம் 60 ரூபாய், 1937-இல் அகமதாபாத்தில் இந்து மகாசபை மேடையிலிருந்து இந்துக்களும் முஸ்லிம்களும் இரு தேசங்கள் என்ற பிரகடனம். சிறை சென்ற பலர் பிரிட்டிஷ் அரசை எதிர்ப்பதில் மேலும் உறுதியானார்கள். இவர் எதிரியை மாற்றிக்கொண்டார்.

அவருடன் அதே காலத்தில் இருந்த இந்துபூஷண் ராய் 1912-இல் கொட்டடிக்குள் தூக்கிட்டு மாண்டார். உல்லாஸ்கர் தத்தைச் சித்திரவதை செய்து மனம் பேதலிக்க வைத்து, சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் அவர் இருந்தது இதே சென்னையில். கதர் இயக்கத்தின் பஞ்சாபி விவசாயிகள் அடி வாங்கினார்கள், பணியவில்லை. அவர்களில் சோகன் சிங் பாக்னா பின்னாளில் கம்யூனிஸ்ட் ஆனார். இவர்களில் எவர் பெயரும் விமான நிலையத்துக்கு எட்டவில்லை. 2004-இல் மத்திய பெட்ரோலிய அமைச்சராக இருந்த மணி சங்கர் ஐயர், சிறை வாசலில் எரியும் சுதந்திர ஜோதியின் பீடத்திலிருந்த சாவர்க்கர் வாசகத்தை எடுத்தபோது பாஜகவும் சிவசேனையும் நாடாளுமன்றத்தை முடக்கின. அந்த வாசகம் பின்னர் திரும்பவும் பொருத்தப்பட்டது. மகாவீர் சிங்குக்காக நாடாளுமன்றம் ஒரு நிமிடமாவது முடங்கியதுண்டா?

மலபாரிலிருந்து 1921 கிளர்ச்சிக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிளா விவசாயிகளின் கதி இன்னும் மோசம். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தெற்கு அந்தமானில் வாழ்கிறார்கள். மலபார் ஊர்ப் பெயர்களைத் தங்கள் குடியிருப்புகளுக்கு வைத்திருக்கிறார்கள். 2021-இல் இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம் அமைத்த குழு, வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜி, அலி முஸ்லியார் உள்ளிட்ட 387 மாப்பிளாக்களின் பெயர்களைத் தியாகிகள் அகராதியிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. ஒரு பெயரை விமான நிலையத்தின் மேல் எழுதுகிறவர்கள், 387 பெயர்களை அழிக்கச் சொல்கிறார்கள்.

சங் பரிவாரத்தைச் சாடுவது எளிது. இடதுசாரி அணிகளுக்குள்ளேயே நடக்கும் மறதியைப் பற்றிப் பேசுவது சற்றுக் கடினம். பேசாமல் விட்டால் மேலே சொன்ன கொள்ளையைத் தடுக்கவே முடியாது.

கணேஷ் கோஷும் அனந்த சிங்கும் சிட்டகாங் தாக்குதலின் களத் தளபதிகள். தாக்குதலுக்குப் பின் பெனி ரயில் நிலையத்தில் போலீஸ் வளைத்தபோது சுட்டுக்கொண்டே ஒன்றாகத் தப்பினார்கள். ஒரே வழக்கில் தண்டனை பெற்று ஒரே சிறைக்கு வந்தார்கள். ஒரே கட்சியில் சேர்ந்தார்கள். 1967-இல் கணேஷ் கோஷ் மார்க்சிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அனந்த சிங்கோ அதே பத்தாண்டில் தனியாக ஒரு ஆயுதக் குழுவைக் கட்டி, அதன் இறுதியில் மீண்டும் சிறைக்குப் போனார். ஹரேகிருஷ்ண கோனார் 1967-இல் மேற்கு வங்க ஐக்கிய முன்னணி அரசின் நிலத்துறை அமைச்சர். உபரி நிலத்தை ஏழை விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதை இயக்கமாக்கியவர் அவர். அவர் அமைச்சராக இருந்த நாளில்தான் மே 25 அன்று நக்சல்பாரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் கல்கத்தாவிலும் அதன் புறநகர்களிலும் செங்கொடிக்காரனை இன்னொரு செங்கொடிக்காரன் கொன்றான். யார் முதலில் கத்தி எடுத்தது என்ற வாதம் இன்னும் முடியவில்லை. இருவரையும் காங்கிரஸ் அரசின் போலீசும் குண்டர்களும் சேர்த்துக் கொன்றார்கள் என்பதில் வாதமே இல்லை. ஃபார்வர்ட் பிளாக்கின் மூத்த தலைவர் ஹேமந்த பாசு 1971 பிப்ரவரியில் பட்டப்பகலில் தெருவில் கொல்லப்பட்டார்.

அந்தச் சகோதர யுத்தம் நினைவையும் கூறுபோட்டது. ஒரு கட்சியின் நூலில் அந்தமான் தோழர்கள் என்றால் அக்கட்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே. இன்னொரு கட்சியின் மேடையில் சிட்டகாங் வீரர்கள் என்றால் பிரிந்து போனவரின் பெயர் கவனமாக விடப்படும். 1935 ஒருங்கிணைப்பு தனக்கு மட்டும் முன்னோடி என்று ஒருவர் சொல்வார். அதில் சேராத அனுசீலன் தோழர்கள் உண்ணாவிரதத்தில் இருந்ததையே இன்னொருவர் மறப்பார். எல்லாக் கட்சிகளும் அவரவர் ஆட்களைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனபின் காலியாகக் கிடந்த சிறைக்குள், ஒரே ஒரு படத்தை மாட்டுவது சாவர்க்கர் பக்தர்களுக்கு என்ன சிரமம்?

தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. ஈழத்தில் 1986 ஏப்ரல் இறுதியில் புலிகள் டெலோவை அழித்ததும், அவ்வாண்டின் இறுதியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். மீது பாய்ந்ததும், 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டதும் தெரிந்தவையே. இன்றும் நவம்பர் 27 ஒருவருக்கு, ஜூன் 19 இன்னொருவருக்கு. ஒரே இலட்சியத்துக்காக வீட்டை விட்டுப் போன பிள்ளைகளின் தாய்மார் தனித்தனி நாளில் விளக்கேற்றுகிறார்கள். சிட்டகாங் தோழர்கள் தங்களுக்கு வழிகாட்டியாகக் கொண்ட அயர்லாந்திலும் அதுவே நடந்தது. ஈஸ்டர் எழுச்சியை நினைத்தே புனித வெள்ளியன்று ஆயுதக் கிடங்கைத் தாக்கி, இந்தியக் குடியரசுப் படை என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அந்த அயர்லாந்தின் புரட்சியாளர்கள் 1922-23இல் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். புதிய அரசு 77 பழைய தோழர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. எதிரெதிராக நின்ற அவ்விரு தரப்பின் கட்சிகள் ஒரே அமைச்சரவையில் அமர 2020 வரை ஆயிற்று. அவ்வளவு காலமும் அந்நாட்டின் அரசியல் இரண்டு முதலாளித்துவக் கட்சிகளின் பரம்பரைப் பகையாகவே கழிந்தது. தொழிலாளர் கட்சிக்கு மூன்றாம் இடம்தான் மிஞ்சியது.

சிறைக்கு வெளியே, அந்தமான் மண்ணிலேயே இன்னொரு ஆறாத புண் இருக்கிறது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை தீவுகளைப் பிடித்தது. 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி வந்து கொடியேற்றினார். தீவுகளுக்கு ஷகீத், ஸ்வராஜ் என்று பெயரிட்டார். அந்த நாளில், அதே செல்லுலர் சிறைக்குள் மருத்துவர் திவான் சிங் சித்திரவதைக்குள்ளாகிக் கிடந்தார். நேதாஜியிடமிருந்து அதை ஜப்பானியர் மறைத்தார்கள். 1944 ஜனவரி 14 அன்று திவான் சிங் இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் நிறுத்திவைத்துச் சுடப்பட்டனர். அவர்களில் பலர் நேதாஜியின் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள். குற்றச்சாட்டு, பிரிட்டிஷ் உளவு. உண்மையான பிரிட்டிஷ் உளவுக் குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து காட்டுக்குள் பதுங்கியிருந்தது; செத்தவர்கள் ஊருக்குள் இருந்தவர்கள். அண்டை வீட்டாரின் வாக்குமூலத்தை அடித்து வாங்கி அண்டை வீட்டாரைக் கொன்றார்கள். அதன்பின் ஆசாத் ஹிந்த் அரசின் பொறுப்பாளராக வந்த தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனுக்கு ஜப்பானியர் உண்மையான அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. போலீஸ் துறையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் உடல்நலம் கெட்டு அவர் திரும்பினார். 1945 ஆகஸ்டில், சரணடைவதற்குச் சற்று முன், பட்டினியால் வாடிய நூற்றுக்கணக்கான மக்களைப் படகில் ஏற்றி ஹாவ்லாக் தீவருகே கடலில் தள்ளினார்கள். அந்த ஹாவ்லாக்தான் இப்போது ஸ்வராஜ் தீவு.

நேதாஜியின் தேசபக்தியை இன்று இடதுசாரிகள் எவரும் ஐயுறுவதில்லை. 2018-இல் அவர் பெயரால் விழா எடுத்தவர்கள் அவரது லீக்கைச் சேர்ந்தவர்களின் சாவைப் பற்றி வாய் திறந்தார்களா என்பதே கேள்வி. நாயகன் ஒருவனே போதும், அவனை நம்பிச் செத்தவர்கள் வேண்டாம் என்பது பாசிசத்தின் நினைவுமுறை. ஹம்ஃப்ரிகஞ்சின் நினைவுத் தூணுக்கு உள்ளூர் மக்கள் வருகிறார்கள். சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கு நிற்பதில்லை.

இன்னும் பின்னே போனால் 1857-இன் சிப்பாய்கள். 1858 மார்ச்சில் இருநூறு பேரோடு தொடங்கிய தண்டனைக் குடியேற்றம் அது. தப்பியோடிய துத்நாத் திவாரி என்ற கலகச் சிப்பாயை அந்தமான் பழங்குடி மக்கள் உயிரோடு விட்டார்கள், உடன் வைத்துக்கொண்டார்கள், மணமும் செய்துகொடுத்தார்கள். 1859-இல் அம்மக்கள் குடியேற்றத்தின் மீது தாக்கத் திட்டமிட்டதும் அவர் ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். மே 17 அன்று அபர்தீன் போரில் வில்லும் அம்பும் துப்பாக்கியின் முன் வீழ்ந்தன. துத்நாத்துக்கு மன்னிப்பு கிடைத்தது. ஏகாதிபத்தியத்தால் வதைக்கப்பட்ட ஒருவர், அதே ஏகாதிபத்தியத்தால் வதைக்கப்பட்ட இன்னொரு மக்களைக் காட்டிக்கொடுத்த கதை. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று சில பத்துப் பேர். எந்தத் தீவுக்கும் இந்த அரசு அவர்கள் வைத்த பெயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரிய நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுப்பதற்கு, நிக்கோபாரியப் பழங்குடிக் குழு 2022 நவம்பரில் தன் இசைவைத் திரும்பப் பெற்ற பின்னும் வேலை நிற்கவில்லை. இறந்த வீரர்களின் பெயர்கள் தீவுகளுக்கு, தீவுகள் பெருமுதலாளிகளுக்கு.

சகோதரத்துவ வட்டத்தின் முதியவர்கள் யாரும் தங்கள் கட்சியைக் கைவிட்டு அந்த மேசைக்கு வரவில்லை. 1964-இலும் 1967-இலும் எடுத்த நிலைப்பாட்டுக்காக ஒருவரும் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாதம் வாதமாகவே இருந்தது. ஆனால் கொட்டடிச் சுவர் இடிபடக் கூடாது என்பதில் அவர்களுக்கு இரண்டு கருத்து இல்லை. பளிங்குப் பலகையில் எழுதும் பெயர்களில் எதிர்க்கட்சிக்காரனுடையதை விட்டுவிடலாம் என்றும் அவர்கள் கருதவில்லை. அதனால்தான் செல்லுலர் சிறையின் கோபுரத்துக்குள் இன்றும் எல்லா அமைப்புகளின் ஆட்களும் ஆண்டு வாரியாக, மாகாண வாரியாக ஒன்றாக நிற்கிறார்கள்.

மே 17 மகாவீர் சிங் இறந்த நாள். அபர்தீன் போர் நடந்ததும் மே 17. கட்சிக் கிளைகள் அன்று கூட்டம் போடுவதானால் மகாவீர் சிங்கின் படத்தோடு நிறுத்தக் கூடாது. நமதாசையும் மைத்ராவையும் சேர்க்க வேண்டும். ஒருங்கிணைப்பில் இருந்தவர்களோடு இல்லாதவர்களையும், கணேஷ் கோஷோடு அனந்த சிங்கையும், மாப்பிளாக்களையும், ஹம்ஃப்ரிகஞ்சின் 44 பேரையும், பெயர் பதிவாகாத கிரேட் அந்தமானியரையும் அந்த மேடையில் சொல்ல வேண்டும். இடதுசாரிக் கட்சிகள் அதைச் சேர்ந்து நடத்தினால் இன்னும் நல்லது. யார் தலைமை வகிப்பது என்பதில் தகராறு வந்தால், மேடையில் நாற்காலியே போடாமல் நின்றபடி நடத்தலாம்.